பழுப்பு நிறப் பம்பும் நீ சொன்ன சாட்சியும்

எபி, இந்தக் காகிதத்தை உன் சாப்பாட்டுப் பையில், டிபன் பாக்ஸுக்கு அடியில் வைத்து அனுப்புகிறேன். ஒரே வீட்டில் இருக்கிற மகனுக்கு அப்பன் கடிதம் எழுதுவது கேலிக்கூத்துதான். ஆனால் நேரில் பேச உட்கார்ந்தால் நமக்குள் என்ன நடக்கிறது என்று உனக்கே தெரியும். என் குரல் ஏறும், நீ செருப்பை மாட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குக் கிளம்பிவிடுவாய், உன் அம்மா வாசலில் நின்று இரண்டு பேரையும் திட்டுவாள். காகிதத்தோடு சண்டை போட முடியாது, அதனால்தான் இந்த ஏற்பாடு. கல்யாணத்துக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது. பந்தல், சமையல், பத்திரிகை என்று சொந்தக்காரர்கள் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். நான் மட்டும் உன் நெஞ்சையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அது ஏறி இறங்குகிற வேகத்தைப் பார்த்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். வீசிங்குக்கு வாயில் வைத்து இழுக்கிறாயே, நீ தூக்கிப் போட்ட அந்தப் பழுப்பு நிறப் பம்பை மறுபடியும் எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் உன் கல்யாணத்துக்கு முன்னால் உன்னை நாங்கள் ஆஸ்பத்திரியில் பார்ப்போம், அல்லது அதைவிட மோசமான இடத்தில் பார்ப்போம்.

பொதட்டூர்பேட்டையில், பெண் வீட்டில் உன் நிச்சயதார்த்தத்தன்று நடந்ததிலிருந்து ஆரம்பிக்கிறேன். அன்றைக்குத்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. ஷீபாவின் அப்பா உன்னை ஒரு பாட்டுப் பாடச் சொன்னார். நீயும் எழுந்து நின்று நன்றாகத்தான் ஆரம்பித்தாய். இரண்டாவது சரணத்தில், ஒரு வரியின் பாதியில் நிறுத்தினாய். தலையைக் குனிந்துகொண்டு, முன்னால் இருந்த நாற்காலியின் முதுகை இறுகப் பிடித்துக்கொண்டாய். உன் கண்ணில் தண்ணீர். கூடியிருந்தவர்கள் எல்லாரும் நீ மனம் உருகிவிட்டாய் என்று நினைத்துக்கொண்டார்கள். "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று கை தட்டி, மீதிப் பாட்டை அவர்களே பாடி முடித்தார்கள். சம்பந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் உன் முகத்தைப் பார்க்கவில்லை, தோளைப் பார்த்தேன். காது வரைக்கும் ஏறி நின்ற அந்தத் தோளை உன் சின்ன வயதிலிருந்தே எனக்குத் தெரியும். நீ உருகவில்லை, உனக்கு மூச்சு கிடைக்கவில்லை. பந்திக்கு எல்லாரும் எழுந்தபோது நீ நம் வேனுக்குப் பின்னால் நழுவினாய், நானும் பின்னாலேயே வந்தேன். சாக்ஸுக்குள்ளிருந்து நீலப் பம்பை எடுத்து வாயில் அடித்துவிட்டு, கண்ணை மூடி வேனில் சாய்ந்து நின்றாய். "இன்னாடா இது?" என்றேன். "தூசிப்பா. ரோடு பூரா மண்ணு" என்றாய். அந்தத் தெருவில் காலையில் பெய்த மழையின் ஈரம்கூடக் காயவில்லை.

உனக்கு அந்த நாளெல்லாம் மறந்திருக்கும். எனக்கு மறக்கவில்லை. ஆரம்பாக்கத்தில் அறுப்பு முடிந்து நெல் தூற்றுகிற காலம் வந்தாலே உனக்கு வீசிங் வந்துவிடும். பள்ளிக்கூடச் சட்டையைப் போட்டுக்கொண்டு, முழங்காலில் இரண்டு கையையும் ஊன்றி, முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருப்பாய். என்ன கேட்டாலும் தலையாட்டலில்தான் பதில். பேசினால் மூச்சு செலவாகிவிடும் என்று அந்த வயதிலேயே கற்றுக்கொண்டிருந்தாய். மில்லில் கிரேன் ஓட்டப் போகிற அதே ரயிலில் உன்னையும் தூக்கிக்கொண்டு வந்து, கும்மிடிப்பூண்டி ஆஸ்பத்திரியில் மருந்தைப் புகையாக விடுகிற நெபுலைசர் வைத்து, உன்னை உன் அம்மாவோடு திருப்பி அனுப்பிவிட்டு ஷிப்டுக்கு ஓடுவேன். மாஸ்க்கை மூக்கில் வைத்ததும் உன் முகம் தெளியும். அவ்வளவுதான், குணமாகிவிட்டது என்று இருந்துவிடுவோம். அடுத்த வாரம் மறுபடியும் அதே பெஞ்ச். எத்தனை வருஷம் இப்படியே ஓட்டினோம் என்று நினைத்தால் எனக்கே என்மேல் எரிச்சல் வருகிறது.

கடைசியில் அந்த ஆஸ்பத்திரிக்குப் புதிதாக ஒரு டாக்டரம்மா வந்தார். இரண்டு பம்பையும் மேஜைமேல் வைத்து உன் அம்மாவைப் பார்த்துத்தான் பேசினார். "பையனோட மூச்சுக்குழாய் உள்ள வீங்கிக் கெடக்குமா. இந்த நீலம் அந்த நேரத்துக்குக் கொழாய விரிச்சு விடும், அவ்ளோதான். வீக்கம் அப்படியே இருக்கும். இந்தப் பழுப்புதான் வீக்கத்தக் கொறைக்கும். ஆனா மெதுவாதான் கொறைக்கும், தெனம் காலையிலயும் ராத்திரியிலயும் எடுத்தாதான் கொறைக்கும். நல்லா இருக்கிற நாள்லயும் எடுக்கணும். நல்லா இருக்கிற நாள்லதான் எல்லாரும் நிறுத்துவாங்க." உன் அம்மா சும்மா விடவில்லை. தெருவில் சொன்னதையெல்லாம் கேட்டாள். பம்பு பழகிவிடுமாமே, ஸ்டீராய்டாமே, பையன் ஊதிப்போவானாமே என்று. டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். மாத்திரையாக விழுங்கினால் உடம்பு பூராவும் போகும், இது கொஞ்சமே கொஞ்சம், நேராக நெஞ்சுக்குள் போகிறது, கள்ளு சாராயம் மாதிரி பழகிக்கொள்ளுகிற சரக்கு இல்லை, அளவைக் கூட்டுவதோ குறைப்பதோ நான் பார்த்துச் செய்கிறேன், நீங்களாகச் செய்யாதீர்கள் என்றார். அவர் சொன்னபடியே செய்தோம். முதல் சில நாள் ஒன்றும் தெரியவில்லை, உன் அம்மாவுக்குச் சந்தேகம்கூட வந்தது. பிறகு மெல்ல மெல்ல இருமல் நின்றது, ராத்திரித் தூக்கம் வந்தது, அடுத்த அறுப்புக் காலத்தில் நீ தெருப் பையன்களோடு கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தாய்.

இரும்பு வார்க்கிற பவுண்டரியில் வேலை கிடைத்த புதிதில் உன் நாக்கு வெள்ளை வெள்ளையாகப் படர்ந்து, காரம் பட்டால் துள்ளினாயே, அதுவாவது ஞாபகம் இருக்கிறதா? ரயிலைப் பிடிக்கிற அவசரத்தில் பிளாட்பாரத்தில் ஓடிக்கொண்டே பம்பை அடித்துவிட்டு, வாய் கொப்புளிக்காமலேயே ஏறிவிடுவாய். "கம்பெனிக்குப் போய் கொப்புளிச்சிக்கலாம்னு" என்று நீ சொன்னதற்கு டாக்டரம்மா சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "நீ போய்ச் சேர்றதுக்குள்ள மருந்து வாயிலயே குடித்தனம் பண்ணிடுதுப்பா" என்றார். அதற்குப் பிறகு பழுப்புப் பம்பைப் பல் தேய்க்கிற பிரஷ்ஷுக்குப் பக்கத்தில் நான்தான் வைத்தேன். பம்பு முதலில், பிரஷ் பிறகு, வாய் தானாகவே சுத்தமாகிவிடும். குலுக்குவது, மூச்சை முழுவதும் வெளியே விடுவது, பம்பில் மாட்டுகிற அந்தப் பிளாஸ்டிக் குப்பி, ஸ்பேசரில் வாயை இறுக்கி வைத்து ஒரு முறை அழுத்துவது, அவசரப்படாமல் நிதானமாக இழுப்பது, இழுத்ததை உள்ளே கொஞ்சம் நிறுத்தி வைப்பது, இன்னொரு முறை வேண்டுமென்றால் மறுபடியும் குலுக்குவது. கிரேன் கொக்கியை இறக்குகிற மாதிரி நிதானமாக என்று நான் சொல்வேன், நீ கண்ணை உருட்டுவாய். அப்படியே வருஷக்கணக்கில் போனது. மணல் தூசிக்கு நடுவில் மாஸ்க் போட்டுக்கொண்டு வேலை பார்த்தாய், ஓவர்டைம் பார்த்தாய், சபையில் பாடினாய். நீலப் பம்பு தொடுவாரில்லாமல் அலமாரியில் கிடந்தது. நீ நன்றாக இருந்தாய் எபி.

அதுதான் வினையாகப் போயிற்று. நம் சபையில் உபவாச ஜெபம் நடந்த அன்று, ஆண்டவர் செய்த நன்மையை எல்லார் முன்னாலும் சாட்சி சொல்லுகிற நேரத்தில் நீ எழுந்து மைக் முன்னால் போனாய். யாரும் உன்னைக் கூப்பிடவில்லை, நீயாகத்தான் போனாய். "சின்ன வயசுலேருந்து எனக்கு வீசிங். இப்ப வருஷக்கணக்கா ஒரு தடவ கூட வரல. கர்த்தர் எனக்குப் பூரண சொகம் குடுத்தாரு. இனிமே இத நான் தொட மாட்டேன்" என்று சொல்லி, பையிலிருந்த பழுப்புப் பம்பை எடுத்து மேஜைமேல் வைத்தாய். கூட்டம் எழுந்து நின்றுவிட்டது. உன் அம்மா அழுதுகொண்டே என் கையைப் பிடித்தாள். அந்த நேரத்தில் வாயைத் திறக்கிற அப்பன் எவன் இருக்கிறான்? கூட்டம் கலைந்ததும் பாஸ்டர் ஐயா உன்னைத் தனியாகக் கூப்பிட்டு அந்தப் பம்பை உன் கையில் திருப்பிக் கொடுத்தது உனக்கும் எனக்கும் அவருக்கும் மட்டும் தெரியும். "டாக்டரக் கேக்காம எதையும் நிறுத்த வாணாம் தம்பி. நானே சுகர் மாத்திரய போட்டுக்கினுதான் உபவாசக் கூட்டத்துல நிக்கிறேன்" என்று அவர் வாயாலேயே சொன்னார். "சரிங்க ஐயா" என்றாய். வீட்டுக்கு வருகிற வழியில் அது எந்தக் குப்பையில் விழுந்தது என்று எனக்குத் தெரியாது, பிரஷ் பக்கத்தில் மட்டும் அதற்கப்புறம் நான் அதைப் பார்க்கவில்லை.

அந்தக் கூட்டத்துக்குப் பொதட்டூர்பேட்டையிலிருந்து வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்த மனிதர்தான் ஷீபாவின் அப்பா. இப்படிச் சாட்சி சொல்லுகிற பையனுக்குத்தான் என் பெண்ணைக் கொடுப்பேன் என்று பாஸ்டர் மூலமாக ஆள் அனுப்பினார். உன் அம்மா பூரித்துப்போனாள். உனக்கும் பெருமை தாங்கவில்லை. இங்கேதான் நீ மாட்டிக்கொண்டாய் என்று இப்போது எனக்குத் தெரிகிறது. முதலில் உனக்கு ஒன்றும் ஆகவில்லை. உள்ளே இருந்த மருந்தின் பலன் உடனே போய்விடாது, நிறுத்தின மறுநாளே தண்டிக்கிற மருந்தாக இருந்திருந்தால் நீ அன்றைக்கே திரும்பி எடுத்திருப்பாய். அது சத்தமில்லாமல் விட்டுப்போனது, வீக்கமும் சத்தமில்லாமல் திரும்பி வந்தது. விடியற்காலை இருமல் வந்தது. ஸ்டேஷன் மேம்பாலத்தில் பாதியில் நின்று போனைப் பார்க்கிற மாதிரி நடிக்க ஆரம்பித்தாய். நீலப் பம்பு சாக்ஸுக்குள் குடியேறியது. எப்போதாவது ஒரு நாள் எடுத்தது போய், தினமும் எடுக்கிறாய், ஒரு நாளைக்குப் பலமுறை எடுக்கிறாய். நீலம் தினமும் தேவைப்பட்டால் வீடு உள்ளே எரிகிறது என்று அர்த்தம். அதை டாக்டரம்மா உன்னை வைத்துக்கொண்டே சொல்லியிருக்கிறார்.

போன வாரம் கும்மிடிப்பூண்டி பிளாட்பாரத்தில் நாம் போட்ட சண்டையை நீ மறந்திருக்க மாட்டாய். வண்டி வருவதற்குள் பேசிவிட வேண்டும் என்று நானும், வண்டி வந்துவிட வேண்டும் என்று நீயும் நின்றோம். "நான் இப்ப அதத் திரும்ப எடுத்தா நான் சொன்னது பொய்யாயிடும்ப்பா" என்றாய். "அத்தினி பேரு முன்னாடி சொல்லிட்டு, இப்ப பம்பு வச்சிக்கினு நின்னா அவங்க இன்னா நெனப்பாங்க? ஷீபா ஊட்ல இன்னா நெனப்பாங்க?" என்றாய். இதைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு இடத்தில் நிறுத்தி மூச்சு வாங்கினாய். எனக்கு ஆத்திரம் வந்து, "செத்தா இன்னாடா நெனப்பாங்க?" என்று கத்திவிட்டேன். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வண்டி வந்ததும் நீ லேடீஸ் கம்பார்ட்மென்ட்டைத் தாண்டி ஓடிப்போய் வேறு பெட்டியில் ஏறிக்கொண்டாய். ஓடாதே என்றுகூட என்னால் சொல்ல முடியவில்லை. அன்றைக்குச் சொல்ல வந்ததை இப்போது நிதானமாகச் சொல்கிறேன். நீ மைக்கில் சொன்னதில் பாதி உண்மை. நீ நன்றாக இருந்தாய் என்பது உண்மை, அதற்கு ஆண்டவருக்கு நன்றி சொன்னதும் சரி. எதனால் நன்றாக இருந்தாய் என்பதில்தான் தப்பு. வியாதி போனதால் நீ நன்றாக இல்லை, வியாதியைத் தினமும் காலையும் ராத்திரியும் அடக்கி வைத்ததால் நன்றாக இருந்தாய். உன்னை யாரும் பொய்யன் என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். பொய்யன் என்ற பெயரோடு உயிரோடு இருக்கிற மகன் எனக்குப் போதும்.

நேற்று லீவு போட்டுவிட்டு டாக்டரம்மாவிடம் போனேன். வயசாகிவிட்டது அவருக்கு, கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிக்கொண்டு உன் பழைய சீட்டைப் பார்த்தார். நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, "நீங்க வந்து பிரயோஜனமில்லீங்க, அவரக் கூட்டினு வாங்க. நிறுத்தி எவ்ளோ நாளாச்சு, இப்ப நெஞ்சு எப்படி இருக்குதுன்னு பாத்துதான் அளவு சொல்ல முடியும். கல்யாணத்துக்கு அப்புறம்னு தள்ளிப்போட வாணாம்" என்றார். இன்னொன்றும் சொன்னார், அதை நீ மனசில் எழுதிக்கொள். நீலம் அடித்தும் மூச்சு திரும்பவில்லை என்றால், ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்ல முடியவில்லை என்றால், உதடு நீலம் பாரித்தால், அப்போது பழுப்பைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது, அது அந்த நேரத்துக்கான மருந்து இல்லை. நீலத்தை அடித்துக்கொண்டே உட்கார்ந்த நிலையில் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். யார் பார்க்கிறார்கள் என்று யோசிக்கிற நேரம் அது இல்லை. அவர் இதைச் சொல்லும்போது நான் பிளாட்பாரத்தில் நீ பேசின பேச்சை நினைத்துக்கொண்டேன். நீ ஏற்கெனவே அந்த வாசலில் நிற்கிறாய்.

இனிமேல் எழுதப் போவதைப் படித்தால் உனக்குக் கோபம் வரும். வரட்டும். நிச்சயதார்த்தம் முடிந்ததிலிருந்தே ஷீபா எனக்குப் போன் பண்ணிக்கொண்டிருந்தாள். வேலை பார்க்கிற காக்களூர் கம்பெனியில் மதியச் சாப்பாட்டு இடைவேளையில் வெளியே வந்து கூப்பிடுவாள். "மாமா, அவரு போன்ல பேசும்போது நடுவுல நடுவுல நிறுத்திக்கினே இருக்காரு. படி ஏறிக்கினு பேசறேன்றாரு. எப்பப் பாத்தாலும் படியே ஏறிக்கினு இருப்பாரா மாமா?" என்று கேட்டாள். ஜலதோஷம் என்று சொல்லி நானும் மழுப்பினேன். உன் ரகசியத்தை நான் உடைக்கக் கூடாது என்று நினைத்தேன். நேற்று டாக்டரம்மாவின் அறையிலிருந்து வெளியே வந்ததும் படிக்கட்டிலேயே உட்கார்ந்து அவளைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பம்பை, சாட்சியை, குப்பையில் போட்டதை, சாக்ஸை, வேனுக்குப் பின்னால் நின்றதை. உன்னைக் கேட்காமல்தான் சொன்னேன். கட்டிக்கொள்ளப் போகிறவளுக்கு அது தெரிய வேண்டும். உனக்குத் திடீரென்று மூச்சு முட்டினால் பக்கத்தில் இருக்கப் போகிறவள் அவள், நான் இல்லை.

அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு, "இத அவரு எங்கிட்ட சொல்லியிருக்கலாம் மாமா" என்றாள். அந்தக் குரலில் கோபம் இருந்தது, அழுகையும் இருந்தது. "எங்க அப்பாவுக்குப் பிடிச்சது சாட்சி சொன்ன பையன. நான் அவரோட சேந்து நாப்பது வருஷம் ஊடு நடத்தணும். நான் இன்னிக்கே அப்பாகிட்ட பேசறேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடமும் சொன்னேன். அவளிடம் சொல்லத்தான் எனக்கு அதிகம் பயம். அரிசி களைந்துகொண்டிருந்தவள் என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. தண்ணீரை வடித்து, அடுப்பில் உலை வைத்த பிறகுதான் பேசினாள். "நான் ஆண்டவர்கிட்ட கேட்டது எம்புள்ள நல்லா மூச்சு உடணும்னு. பம்பு இல்லாம உடணும்னு நான் எப்பய்யா கேட்டேன்?" என்றாள். அதற்குப் பிறகு அழுதாள். உன்மேல் அவளுக்குக் கோபம் இல்லை, என்மேல்தான், இத்தனை நாள் சொல்லவில்லை என்று.

இன்று காலை நீ குளித்துக்கொண்டிருந்தபோது ஷீபா மறுபடியும் கூப்பிட்டாள். அவள் அப்பாவிடம் ராத்திரியே சொல்லிவிட்டாளாம், அவர் காலையில் எழுந்து, டாக்டர் என்ன சொல்லுகிறார் என்று நானும் கேட்க வேண்டும் என்றாராம். இரண்டு பேரும் கிளம்பிவிட்டார்கள். உன் ஷிப்டு முடிகிற நேரத்துக்கு ஆஸ்பத்திரி வாசலில் நிற்பார்கள், நானும் உன் அம்மாவும் நிற்போம். "அவரு வந்தாருன்னா மீதிய நாங்க பேசிக்கிறோம் மாமா. வரலேன்னா நான் எங்க அப்பாகூட அப்படியே பஸ் ஏறிடுவேன். புருஷன் ஒளிஞ்சிக்கினு மூச்சு வுடறத பாத்துக்கினு என்னால இருக்க முடியாது" என்றாள். நான் அவளைச் சமாதானப்படுத்தவில்லை. அவள் இடத்தில் என் மகள் இருந்தால் நானும் அதையேதான் சொல்லச் சொல்லியிருப்பேன்.

அதனால் சாப்பிட்டுவிட்டு இந்தக் காகிதத்தை மடித்து வை. வேலை முடிந்ததும் ரயிலுக்குப் போகாதே, நேராக ஆஸ்பத்திரிக்கு வா. டாக்டரம்மா மாடியில் இருக்கிறார், லிப்ட் இல்லை. படி ஏறும்போது மூச்சு வாங்கினால் நின்று, பம்பை வெளியே எடுத்து அடித்துவிட்டு, மெதுவாக ஏறி வா. ஷீபா பார்த்தால் பார்க்கட்டும்.